கோக்கி சிவஞானமும் நேத்துப் பாணும்

மடுல்சீமையில் குருவிக்கல் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சிவஞானம் என்றொரு சமையல்காரர் இருந்தார். பங்களாச் சமையல்காரரை அந்தக் காலத்தில் கோக்கி என்பார்கள். கோழியைப் பொரித்தாலும் சரி, முட்டையை அவித்தாலும் சரி, பசறை வரைக்கும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு காரியம்தான் வராது. காலையில் எழுந்திருக்க வராது.

சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. எழுந்துவிட்டால் பம்பரம். எழுவதில்தான் சிக்கல். அவருடைய மனைவி வேலாயி கொழுந்து பறிக்கிறவள். விடிவதற்கு முன்னால் கொம்பு ஊதியதும் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போய் ஆள் கணக்கில் நிற்க வேண்டும். போவதற்கு முன் புருஷனை எழுப்பிப் பார்ப்பாள். முகத்தில் தண்ணீர் தெளித்தால் கனவில் மழை பெய்கிறது என்று போர்வையை இழுத்துக்கொள்வார். ஒரு முறை சேவலைப் பிடித்து வந்து அவர் காதுக்குப் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் திரும்பியபோது, கூடை இருந்த இடத்திலேயே சேவலும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அதையும் கெடுத்துட்டீங்களே" என்றாள்.

இந்த விஷயம் ஒன்பது வருஷமாக வெளியே தெரியவில்லை. காரணம் துரை. அவர் கல்யாணமாகாதவர். காலையில் காவல்காரர் போட்டுத் தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போவார். மலை சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் சாப்பிட வருவார். பதினொரு மணிக்குள் சிவஞானம் எழுந்து, குளித்து, திருநீறு பூசி, மூன்று கறி வைத்துவிடுவார். துரையும் திருப்தி, கோக்கியும் திருப்தி.

1911இல் துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு துரைசாணியோடு வந்தார்.

துரைசாணி நல்லவள். கப்பலில் வரும்போதே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் படித்திருந்தாள். அந்தப் புத்தகத்தை எழுதியவர் எந்தக் காலத்து ஆளோ தெரியாது. வந்த அன்றைக்கே குசினி வாசலில் நின்று, புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"சமையற்காரனே, நாளை முதல் காலை ஏழரை மணிக்குச் சூடான உணவு மேசையின்மேல் இருத்தல் வேண்டும்."

துரைசாணி தேவாரம் பாடுகிறாள் என்று நினைத்துச் சிவஞானம் கைகூப்பி நின்றார். துரை பின்னால் வந்து, பெரட்டுக் களத்தில் கற்ற தன்னுடைய தமிழில் விளக்கினார்: "கோக்கி, ஏளரை மணி சாப்பாடு. சூடு. நாளைக்கு. வெளங்குதா?"

விளங்கியது. சிவஞானம் திரும்பிக் குசினி மணிக்கூட்டைப் பார்த்தார்.

முதல் நாள் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேசைக்குப் போனது. இரண்டாம் நாள் ஒன்பதேகால். மூன்றாம் நாள் ஒரு யோசனை செய்தார்: குசினியிலேயே அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தபடி தூங்கினால், கண் விழித்த இடத்திலேயே வேலையைத் தொடங்கலாம் அல்லவா. அடுப்பின் கதகதப்பில் அன்றைக்குப் பத்து மணி வரை தூங்கினார். துரைசாணி தானே வந்து, அவரைத் தாண்டிக்கொண்டு போய், இரண்டு முட்டையை அவித்து எடுத்துப் போனாள் என்று காவல்காரர் பிறகு சொன்னார்.

இது போதாதென்று, துரைமார் பிரெட் என்கிற பாண் விஷயம் வேறு. பங்களாவுக்குப் பாண் வருவது பதுளையிலிருந்து. அங்கே தாஸிம் என்பவருடைய பேக்கரியில் வாங்கி, தபால் பையோடு சேர்த்துத் தலையில் சுமந்துகொண்டு, கணபதி என்ற தப்பால்காரர் வாரம் இரண்டு தடவை மலையேறி வருவார். வழியில் பசறையில் ஓர் இரவு தங்குவார். அவர் தங்கினால் பாணும் தங்கும். அவருக்குக் காய்ச்சல் என்றால் பாணுக்கும் ஒரு நாள் லீவு. பங்களா மேசைக்கு வரும்போது கத்திக்கே பல் உடையும். துரைசாணி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்" என்றாள். புத்தகத் தமிழில் அவள் சொன்னவற்றில் சிவஞானத்துக்கு உடனே விளங்கியது அது ஒன்றுதான்.

நான்காம் நாள் சாயங்காலம், அந்தக் கல்லை என்ன செய்வது என்று யோசித்து, இரவுச் சாப்பாட்டுக்குப் புடிங் செய்யலாம் என்று முடிவு செய்தார். பாணைப் பெருவிரல் கனத்துக்கு வெட்டினார். பீங்கான் தட்டில் வெண்ணெய் தடவி அடுக்கினார். ஆறு முட்டையைப் பாலோடும் சீனியோடும் அடித்து, கறுவாப்பட்டைத் தூளும் கொஞ்சம் சாதிக்காயும் போட்டு மேலே ஊற்றினார். அடுப்பில் வைக்கப்போகும் நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவிலிருந்து குதிரையோடு ஆள் வந்துவிட்டது. துரையும் துரைசாணியும் அங்கே விருந்துக்குப் போய்விட்டார்கள். சிவஞானம் தட்டின்மேல் ஒரு துணியைப் போட்டு, கம்பிவலை அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் அவர் கண் விழித்தபோது வெயில் ஜன்னல்வழியே வந்து மூக்கில் விழுந்திருந்தது. ஓடிப்போய்க் குசினி மணிக்கூட்டைப் பார்த்தால் ஏழு தாண்டிவிட்டது. முட்டை பொரிக்கலாம் என்றால் முட்டை இல்லை. எல்லாம் நேற்றைய தட்டில். தட்டை எடுத்துப் பார்த்தார். பால் முழுவதையும் பாண் குடித்துவிட்டுப் பஞ்சு மெத்தை மாதிரி கிடந்தது. தேத்தண்ணிக்காகக் காவல்காரர் மூட்டிய நெருப்பு அடுப்பில் நன்றாகவே இருந்தது. தட்டை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு, மேலே கொஞ்சம் சர்க்கரையைத் தூவி, கந்தசாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

ஏழே முக்காலுக்கு அது வெளியே வந்தது. நடுவில் உப்பி, ஓரத்தில் முறுகி, மேலே பொன்னிறமாகப் பளபளத்தது. ஆவி பறக்க மேசைக்குக் கொண்டுபோனார். துரைசாணி ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்து, மரியாதையோடு கேட்டாள்.

"சமையற்காரனே, இஃது யாது?"

பொய் சொல்லச் சிவஞானத்துக்கு நேரமில்லை. "நேத்துப் பாணுங்க, தொரைசாணி" என்றார்.

"நெத்துப்பான்?"

"ஆமாங்க. நேத்துப் பாண்."

துரைசாணி மூக்கால் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிரெஞ்சுச் சொல் மாதிரி இருந்தது போலும். உடனே தன் சமையல் குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டாள். துரைக்கு அர்த்தம் தெரிந்திருக்கும்; ஆனால் அவர் வாய் நிறைய வைத்திருந்தார்.

அதற்கப்புறம் சிவஞானத்தின் வாழ்க்கை சீராகிவிட்டது. சாயங்காலம் தட்டை அடுக்கி ஊறவைப்பார். ஏழு மணிக்கு வெயில் எழுப்பும். அடுப்பில் தள்ளுவார். நாள் போகப் போகப் பக்குவமும் கூடியது. உலர்ந்த திராட்சை சேர்த்தார். மேலே கித்துள் பாணி என்ற மரத்துப் பாகை ஊற்றினார். பாண் மூன்று நாள் பழையதாக இருந்தால் இன்னும் நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்தார்.

"புதுப் பாணுன்னா பாலுல கரைஞ்சி கூழாப் போயிரும். பழசுதான் உள்ள இழுத்து வெச்சிக்கும்" என்று வேலாயியிடம் விளக்கினார்.

"வெளங்குது" என்றாள் வேலாயி. "ஒங்க ஒருத்தரு தூக்கத்துக்காவ அந்தப் பாண் ராத்திரி பூரா முழிச்சிக் கெடக்குது."

தப்பால்காரர் கணபதி இந்தச் செய்தியைப் பதுளைக்குக் கொண்டுபோனார். பேக்கரிக்காரர் தாஸிம் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார்.

"நான் அடுப்புல சுட்டுக் குடுக்குறன். அதை மூணு நாள் காய வெக்கிறாங்க. பொறகு பாலுல ஊறப்போட்டு நனைக்கிறாங்க. அதையும் திரும்ப அடுப்புல சுடுறாங்க. அப்படித்தானே?"

"அப்படித்தாங்க."

"முன்னயே சொல்லியிருந்தா மாவாவே குடுத்து விட்டிருப்பனே" என்றார் தாஸிம்.

நெத்துப்பானின் புகழ் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி ஒருத்தி வந்து சாப்பிட்டுவிட்டு, இதைத் தான் பாரிஸ் நகரத்தில் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். அங்கே இதைவிடக் கொஞ்சம் சிறிய துண்டுகளாக வெட்டுவார்களாம்.

1913ஆம் வருஷம் பெப்ரவரியில் குருவிக்கல்லில் ஒரு டென்னிஸ் போட்டி ஏற்பாடானது. மடுல்சீமைத் துரைமார் ஒரு பக்கம், பசறைத் துரைமார் ஒரு பக்கம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பதினான்கு பேர் சாப்பிட வருகிறார்கள். எல்லோருக்கும் நெத்துப்பான்தான் வேண்டும் என்று துரைசாணி சொல்லிவிட்டாள்.

சிவஞானம் கணக்குப் போட்டார். பத்துப் பாண், ஐம்பது முட்டை, எட்டுப் போத்தல் பால். எல்லாம் வந்துவிட்டன. அடுப்புக்குக் குறைவில்லை, குசினி அடுப்பு ஒன்று, வெளியே செங்கல் கட்டிய அடுப்பு ஒன்று. தட்டுகள்தான் இல்லை. பங்களாவில் இருந்தவை இரண்டே இரண்டு. பக்கத்துப் பங்களாக் கோக்கி ஆறு தட்டு இரவல் தருவதாகச் சொன்னார். ஆனால் அவர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் கொண்டுவர முடியும். அப்படியென்றால் பத்துப் பாணையும் இரவு முழுக்க எதில் ஊறப்போடுவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிவந்த வேலாயி, பங்களாக் குளியலறைக்குள் புருஷனைக் கண்டுபிடித்தாள். துரைசாணி சீமையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை எனாமல் குளியல் தொட்டி அங்கே இருந்தது. பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் பசறைக்கும், அங்கிருந்து நாலு ஆள் தலையில் மடுல்சீமைக்கும் வந்த தொட்டி. சிவஞானம் அதைச் சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டு மூன்று தரம் தேய்த்து, வெந்நீரால் கழுவி, இப்போது உள்ளே பாண் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது குளிக்கிற தொட்டிங்க" என்றாள்.

"இன்னைக்கு மட்டும் இது பாத்திரம். இங்கதான் சிமெந்துத் தரை. நல்லாக் குளுந்து கெடக்கு."

"தொரைசாணிக்குத் தெரியுமா?"

"அவுங்க குளிக்கிறது சாயங்காலம். அதுக்குள்ள கழுவி வெச்சிருவேன்."

"தொரை காலையில குளிப்பாரே."

"அவருகிட்டச் சொல்லிட்டேன். தொட்டியில பாண் இருக்கு, பின்னால அறையில மரத்தொட்டியில தண்ணி வெக்கச் சொல்லியிருக்கேன்னு எல்லாம் சொல்லிட்டேன்."

"அவருக்கு வெளங்குச்சா?"

"சரி சரின்னாரு."

"அவரு எதுக்குத்தான் சரி சரின்னு சொல்லல" என்றாள் வேலாயி. ஆனாலும் உட்கார்ந்து முட்டைகளை உடைத்துக் கொடுத்தாள். ஐம்பது முட்டையும் எட்டுப் போத்தல் பாலும் ஊற்றி, திராட்சையைத் தூவியபோது தொட்டி பார்க்க அழகாகவே இருந்தது. மேலே பலகையை வைத்தால் நசுங்கும் என்று ஒரு வெள்ளை மேசைத் துணியை இழுத்துக் கட்டினார் சிவஞானம்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், பெரட்டுக் களத்தில் இருநூற்றைம்பது பேர் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பெரிய கங்காணி ரெங்கசாமி தலைப்பாகையோடு முன்னால் நின்றார். துரைதான் வரவில்லை. அப்போது மேலே பங்களாப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதன் சத்தம்தான், ஆனால் என்ன பாஷை என்று சொல்ல முடியாது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கால் மணி நேரம் போனது. துரை வரவே இல்லை.

ரெங்கசாமி கங்காணிக்குக் கவலை பிடித்துவிட்டது. மேலே போய்க் கேட்க அவருக்குத் துணிச்சலில்லை. "வேலாயி, ஒம் புருசன் அங்கதானே இருக்கான். பின்பக்கமாப் போயி என்னா ஏதுன்னு பாத்துட்டு வா" என்று அனுப்பினார்.

வேலாயி பின்வாசல் வழியாகப் போனாள். குளியலறை வாசலில் சிவஞானம் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் கண் திறந்திருப்பதைப் பார்த்ததும், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே அவள் நினைத்தாள்.

உள்ளே துரை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு துவாய். வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது கால் முழங்கால் வரைக்கும் மஞ்சளாக இருந்தது. விரல் இடுக்குகளில் திராட்சை. துரை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். துரை அரைத் தூக்கத்தில் உள்ளே வந்திருக்கிறார். தண்ணீர் ஆறிவிடாமல் இருக்கத்தான் யாரோ துணி கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, துணியை விலக்கிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்திருக்கிறார். கீழே குளிர்ந்து வழவழவென்று ஏதோ ஒன்று அவருடைய காலை மெதுவாக உள்ளே வாங்கியிருக்கிறது. மடுல்சீமையில் பத்து வருஷத்துக்கு மேல் அட்டைக்கடி பட்டவர் அவர். தொட்டி நிறைய ஒரே அட்டையாக இருப்பதாக நினைத்துத்தான் அந்தச் சத்தம் போட்டிருக்கிறார்.

"கோக்கி" என்றார் துரை, மெதுவாக. "தொட்டியிலே என்ன இருக்கான்?"

"பாணுங்க, தொரை. நேத்தே சொன்னேங்களே."

"நீ பானை சொன்னான். தொட்டியிலே பானை இருக்கு சொன்னான். நான் சரி சொன்னேன்."

"பானை இல்லீங்க. பாணுன்னேங்க."

துரை இன்னொரு திராட்சையை எடுத்து வரிசையில் வைத்தார். துரைசாணி பங்களாவின் மறுகோடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது தெரியக் கூடாது என்பதுதான் அவருடைய பெரிய கவலை. ஆறே கால் ஆகிவிட்டது. எட்டு மணிக்கு விருந்தாளிகள். பத்துப் பாணும் தொட்டிக்குள். பங்களாவில் வேறு பாண் ஒரு துண்டுகூட இல்லை.

"கோக்கி. அடுப்பிலே போடு" என்றார் துரை. "யாருக்கும் தெரியாது."

சிவஞானம் நிமிர்ந்து நின்றார். "மாட்டேங்க, தொரை. நாலு பங்களாவுல சமைச்சிருக்கேன். கால் பட்டத மேசையில வெச்சதில்லீங்க."

"ஒரு கால்தான்."

"ஒரு காலும் கால்தானுங்களே."

துரை கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்தார். சொன்னது சரி என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் வேலாயி வாய் திறந்தாள். "தொரைகளே, பாண் இல்லாட்டி ரொட்டி இருக்குங்க."

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லா வீட்டிலும் முந்தின இரவே கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து ரொட்டி சுட்டு வைத்துவிடுவார்கள். காலையில் பெரட்டு முடிந்து மலைக்கு எடுத்துப்போய்த் தின்பதற்காக. அதையும் இப்படி ஊறவைத்துச் சுட்டால் என்ன என்பது அவளுடைய யோசனை. சிவஞானத்துக்கு முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. துரைக்கும் வந்தது. "நல்லது. போ, கொண்டு வா" என்றார்.

வேலாயி அசையவில்லை.

"சனங்க ரொட்டியைக் குடுத்துட்டு வெறும் வயித்தோட மலையேற முடியாதுங்களே, தொரை."

"பின்னே?"

"ஏறாம இருக்கலாங்களே. இன்னைக்கு ஒரு நாளு. பேரு மட்டும் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா."

பேர் போடுவது என்றால் வேலைக்கு வந்ததாகப் பதிவதுதான். துரைக்கு அந்தத் தமிழ் மட்டும் நன்றாகவே தெரியும். "அரைப் பேரு" என்றார்.

"முழுப் பேருங்க."

"அரைப் பேரு. மத்தியானம் வேலை."

மறுகோடியில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மரத்தரையில் செருப்புச் சத்தம் கேட்டது. துரையின் கண்கள் கதவுக்கும் காலுக்கும் நடுவில் இரண்டு தரம் போய் வந்தன.

"முழுப் பேரு" என்றார். "போ. சீக்கிரம் போ."

வேலாயி ஓடினாள். பெரட்டுக் களத்தில், கங்காணியிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "இன்னைக்கு மலைக்குப் போக வேண்டாமாம். எல்லாருக்கும் முழுப் பேராம். ஆளுக்கு அரை ரொட்டி, முட்டை உள்ளவங்க முட்டை, தேங்கா உள்ளவங்க தேங்கா, பங்களாவுக்குக் குடுக்கணுமாம்."

ரெங்கசாமி கங்காணி முப்பது வருஷமாகத் தோட்டத்தில் இருப்பவர். இப்படி ஓர் உத்தரவை அவர் கேட்டதே இல்லை. "ஏன்?" என்றார்.

"தொரைக்குக் கால்ல ஒரு கோளாறு" என்றாள். அவளால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை, சிரிப்பு வந்துவிடும்.

கால் கோளாறு, ரொட்டி, முட்டை, தேங்காய் என்று கேட்டதும் சனங்களே மீதியை முடிவு செய்துகொண்டார்கள். துரை கால் குணமாகக் கதிர்காமத்துக்கு நேர்ந்திருக்கிறார் என்று. அரைமணி நேரத்தில் நூற்றுக்கு மேல் ரொட்டி சேர்ந்தது. அரை ரொட்டி கேட்ட இடத்தில் சிலர் முழு ரொட்டியே கொடுத்தார்கள். கங்காணி தன் வீட்டு மாட்டுப் பாலைச் செம்போடு அனுப்பினார். ஒரு கிழவர் கற்பூரக் கட்டியும் கொடுத்தனுப்பினார். வேலாயி அதைத் தனியாக முடிந்துகொண்டாள்.

பங்களாவில் சிவஞானம் ரொட்டிக் குவியலை ஒரு தரம் சுற்றிவந்தார்.

"இன்னைக்கே ஊறவெச்சி இன்னைக்கே சுடணுமா?" என்றார். "எனக்கு அப்படிச் செஞ்சி பழக்கமே இல்லியே, வேலாயி."

"ஊரே செய்யிறது அதுதாங்க. தேங்காயத் துருவுங்க."

ரொட்டி கெட்டியானது, குளிர்ந்த பாலில் போட்டால் மத்தியானம் வரைக்கும் குடிக்காது. சிவஞானம் தேங்காய்ப்பாலையும் மாட்டுப்பாலையும் சேர்த்துக் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சினார். ரொட்டிகளைச் சின்னதாகக் கிழித்துப் போட்டார். சூட்டில் பத்து நிமிஷத்தில் இளகிவிட்டது. அப்புறம்தான் முட்டையை அடித்து ஊற்றினார். சூட்டோடு ஊற்றினால் திரிந்துவிடும் என்ற நினைப்பு அந்த அவசரத்திலும் இருந்தது. ஏழு மணிக்குப் பக்கத்துப் பங்களாக் கோக்கி தட்டுகளோடு வந்து, குளியலறைத் தொட்டியை எட்டிப் பார்த்து, நடுவில் இருந்த ஆழமான காலடியையும் பார்த்து, ஒன்றும் கேட்காமல் நெருப்பை ஊதப் போய்விட்டார். நல்ல மனிதர்.

எட்டு இருபதுக்கு எட்டுத் தட்டும் மேசைக்குப் போயின. கருப்பட்டிப் பாகு மேலே குமிழியிட்டது. துரை சப்பாத்தும் உயரமான காலுறையும் போட்டுக்கொண்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேசை முழுக்கக் கரண்டிச் சத்தம்தான். பசறை அணியின் தலைவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு அவரால் பந்தின் பக்கத்துக்கே போக முடியவில்லை, மடுல்சீமை சுலபமாக ஜெயித்தது. பாரிஸில் சாப்பிட்ட துரைசாணி கண்ணை மூடிக்கொண்டு சுவைத்துவிட்டு, இதுதான் அசல், இதுவரை நீங்கள் செய்தது கொஞ்சம் மாற்று என்றாள்.

விருந்து முடிந்து எல்லோரும் விளையாடப் போனபிறகு துரைசாணி குசினிக்கு வந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சிவஞானத்தைக் கூப்பிட்டுப் பங்களாவுக்குள் அழைத்துப்போய்த் தரையைக் காட்டினாள். குளியலறையிலிருந்து படுக்கையறை அலுமாரி வரைக்கும், மெழுகு போட்டுத் துடைத்த மரத்தரையில், காய்ந்துபோன மஞ்சள் காலடிகள். எல்லாம் இடது கால். ஓர் ஒற்றைக்கால் மனிதர் நொண்டிக்கொண்டே பங்களாவைச் சுற்றிப் பார்த்த மாதிரி இருந்தது. அவள் கையில் துரையின் இடது சப்பாத்து இருந்தது. ஏற்கெனவே அளந்து பார்த்திருக்கிறாள்.

"சமையற்காரனே, இப்பாதம் யாருடையது?"

சிவஞானம் காலடியைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார். இது தெரியக் கூடாது என்ற துரையின் கவலை ஒரு பக்கம். துரைசாணியின் முகம் ஒரு பக்கம்.

"காலு யாருதுன்னு எனக்குத் தெரியாதுங்க, தொரைசாணி" என்றார். "பாண் என்னுதுங்க."

துரைசாணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். துரையிடம் அவள் ஒன்றுமே கேட்கவில்லை. அன்று இரவு சாப்பாட்டின்போது மட்டும், கால் குளிர்கிறதா என்று இரண்டு முறை விசாரித்தாளாம்.

தொட்டியில் இருந்ததைப் பங்களா நாய்கள் இரண்டும் தின்றன. அந்தச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவை குரைக்கவே இல்லை.

லயத்தில் அன்றைக்குத் திருவிழா மாதிரி இருந்தது. வேலையில்லாத சனிக்கிழமை, அதுவும் முழுப் பேரோடு. ஆண்கள் மீன் பிடிக்கப் போனார்கள். பெண்கள் ஆற்றில் துணி துவைத்து, தலைக்குக் குளித்து, வெயிலில் முடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிழவரின் கற்பூரத்தை வேலாயி மாரியம்மன் கோயிலில் துரை பேரைச் சொல்லி ஏற்றினாள். கால் கோளாறு என்ன என்பதை அவள் இரண்டு பேரிடம் மட்டும்தான் சொன்னாள். ஆகவே திங்கட்கிழமைக்குள் பதுளையில் தாஸிமுக்கும் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை இரவுகளில் லயத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒரு ரொட்டி கூடுதலாகச் சுட ஆரம்பித்தார்கள். ரெங்கசாமி கங்காணி ஒரு நாள் சிவஞானத்தை வழியில் நிறுத்தி, வெற்றிலை கொடுத்து, பெண் கேட்க வந்தவர் மாதிரி பணிவாக விசாரித்தார்.

"ஏம்பா சிவஞானம், அடுத்த பந்து வெளையாட்டு எப்ப வருது?"

"வர்ற மாசியிலங்க."

"நல்லாச் செய்யி" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் மாசியும் வந்தது. துரைசாணி பதுளையில் தகரக்காரரிடம் சொல்லிப் பத்துப் பெரிய தட்டு அடித்து வரவழைத்திருந்தாள். சிவஞானம் முந்தின நாளே எல்லாவற்றையும் அடுக்கி, ஊற்றி, துணி போட்டு, அலுமாரியில் பூட்டினார். துரை விடியற்காலையிலேயே எழுந்து, விளக்கை எடுத்துக்கொண்டு குளியலறைத் தொட்டியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார். விருந்தில் ஒரு குறையும் இல்லை. பதினாறு பேரும் புகழ்ந்தார்கள்.

அன்று விடியற்காலை பெரட்டுக் களத்தில் இருநூற்றைம்பது பேரும் மடியில் கூடுதல் ரொட்டியோடு, பங்களாப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. ஆறு மணி அடித்தபோது துரை சுத்தமான இரண்டு காலோடு இறங்கி வந்து, எல்லோரையும் மலைக்கு அனுப்பினார்.

அதன்பிறகு ஒரு மாதம் லயத்தில் யாரும் சிவஞானத்தோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒரு தடவ ஒழுங்காச் செய்யாம இருந்தா என்னா கொறஞ்சி போயிரும்?" என்று கங்காணி மற்றவர்களிடம் சொல்லி வருத்தப்பட்டார். வேலாயி இரண்டு நாள் அவருக்குத் தேத்தண்ணியே போட்டுக் கொடுக்கவில்லை.